திருச்சிக்குப் போன தண்ணி

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இடுப்பு வலியில்தான் வந்து நிற்கிறது. உங்களுக்கு எந்தப் பக்கம்? எனக்கு இடது பக்கம். கல்யாண வீடுகளில் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் தண்ணீர் தூக்கியவள் எங்கே நின்றாலும் இடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளித்தான் நிற்கிறாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாலும் சரி, கையில் செல்போன் வைத்திருந்தாலும் சரி, குடம் இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி.

பேசத்தான் எனக்குக் கூச்சம், எழுதுவதற்கு அவ்வளவு இல்லை. அதனால் நான் ஐந்தாவது முடித்த அந்தக் கோடையை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் இதுமாதிரி ஒரு கோடையைக் கடந்துதான் வந்திருப்பீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர், பெரம்பலூர் எல்லாம் அப்போது திருச்சி ஜில்லா. எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே, பஸ் போகிற ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. மண்ணைக் கொஞ்சம் கீறினால் சுண்ணாம்புக்கல் வரும். உழுத கொல்லையில் மழை பெய்து ஓய்ந்தால், கல்லாகிப்போன சிப்பிகள் மேலே வந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வந்து ஐந்தாங்கல் ஆடுவோம். கடலையே பார்க்காத ஊரில் சிப்பி எப்படி வந்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. கூழாங்கல் கிடக்கிற மாதிரி சிப்பியும் கிடக்கும் என்று நினைத்திருந்தோம்.

ஊர் நடுவில் பெரிய கிணறு. எந்தக் கோடையிலும் வற்றாது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும், போன வருஷம் அறுந்து விழுந்த வாளி அடியில் தெரியும். பார்க்க மட்டும்தான் அழகு. வாயில் வைத்தால் உப்பும் சுண்ணாம்புமாக நாக்கு தடித்துவிடும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகத் திரியும். சுடவைத்த பாத்திரத்தில் வெள்ளையாக ஓடு கட்டும், அதைக் கல்லால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பருப்பு வேகாதே! காலையில் அடுப்பில் ஏற்றிய துவரம்பருப்பு மத்தியானம் வரைக்கும் கொதிக்கும், அப்புறமும் பல்லில் நறுக்கென்று கடிபடும்.

என் பெரியம்மா, அப்பாவுக்கு அண்ணன் மனைவி, குரும்பலூரில் பிறந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பருப்பு வேகாத ஒவ்வொரு நாளும் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள்.

"எங்க ஊருத் தண்ணியில போட்டா ஒரே கொதி. கரண்டி போட வேணாம், அதுவே மசிஞ்சி நிக்கும்."

"அப்ப அங்கேர்ந்து ஒரு கொடம் சீரா கொண்டாந்திருக்கலாம்ல?" என்பார் பெரியப்பா.

குடிப்பதற்கும் பருப்பு வேகவைப்பதற்கும் நல்ல தண்ணீர், ஓடையைத் தாண்டிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் மாந்தோப்புக் கிணற்றில் இருந்தது. தோப்புத் தண்ணி என்போம். தோப்புக்காரர் நல்லவர். ஆனால் காலையில் மோட்டார் போட்டுவிட்டால் கிணற்றடியில் ஆள் நிற்கக் கூடாது. அதற்கு முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் விடியும்போதே வரிசையாக ஓடையில் இறங்கி ஏறுவோம்.

வீட்டில் இரண்டு பானை. ஒன்று உப்புத் தண்ணி, ஒன்று நல்ல தண்ணி. நல்ல தண்ணீர்ப் பானைக்கு மூடி உண்டு, மூடிமேல் கவிழ்த்த தம்ளர் உண்டு, அடியில் வெட்டிவேர் உண்டு. என் தம்பி ஒருமுறை அதில் கை கழுவிவிட்டு வாங்கிய குட்டு இன்றைக்கும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யார் வீட்டுக்கு யார் வந்தாலும், முதலில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். வீட்டு ஆட்கள் தொண்டை காய்ந்து கிடந்தாலும் சரி, வந்தவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. அதற்குக் காரணம் என் அத்தை. அத்தையைப் பெண் பார்க்க வரதராஜன்பேட்டைப் பக்கமிருந்து வந்தார்கள். அவசரத்தில் யாரோ பானை மாற்றி மொண்டு கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்தார், செம்பைக் கீழே வைத்தார், பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார். "தண்ணியே இப்புடின்னா குடும்பம் எப்புடி இருக்கும்" என்று ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாராம். அத்தைக்கு அப்புறம் வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. ஆனாலும் ஊர் அதை மறக்கவில்லை. எங்களுக்கு அந்தத் தண்ணீர் ஒரு வெட்கம். வீட்டுக்குள் ஒருவருக்குச் சித்தம் சரியில்லாமல் இருந்தால் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

அந்த வருஷம் அம்மா முழுகாமல் இருந்தாள். ஓடையில் இறங்கி ஏற முடியவில்லை. அதனால் தோப்புத் தண்ணீர் என் பொறுப்பு. எனக்கு என்று ஒரு அலுமினியக் குண்டான் இருந்தது. மூன்று நடை போனால்தான் வீட்டுக்குப் போதும். எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். ஆறாவதுக்கு ரோட்டோரம் இருந்த பெரிய ஊருக்குப் போக வேண்டும். அதற்கும் பொழுது கிளம்பும்போதே நடக்க ஆரம்பிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரம்.

இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம்.

அப்போதுதான் பஞ்சாயத்து பிரசிடெண்ட் யூனியன் ஆபீசுக்குப் போய்விட்டு வந்து டீக்கடையில் சேதி சொன்னார்.

"கவர்மெண்ட்டு முடிவு பண்ணிடிச்சி. இனிமே பொம்பளைங்க தண்ணிக்குக் காத தூரம் நடக்கக் கூடாதாம். ஊரு ஊருக்குப் போர் போட்டு அடிபம்பு வைக்கப் போறாங்க. எந்த ஊருல தண்ணி மோசமோ அந்த ஊருக்கு மொதல்ல. ஓவர்சியர் நேர்ல வந்து பாப்பாரு."

"தண்ணி மோசத்துல நம்மள மிஞ்ச எவன் இருக்கான்?" என்றார் டீக்கடை மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயந்திரம் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"பம்பு வந்துடுச்சின்னா நீ ஆறாவது போ. வரலன்னா கொடந்தான். நான் என்னடி பண்ணுவேன், நீயே சொல்லு."

எனக்குப் பேச்சு வராது. பிள்ளையார் கோயிலுக்கு ஓடிப்போய், நான் வைத்திருந்ததிலேயே பெரிய கல்சிப்பியை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஓவர்சியர் வருகிற நாளுக்கு ஊர் எப்படித் தயாரானது என்கிறீர்கள்! வெள்ளையடித்தோம். எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்? கிணற்றடியில் பாசி தேய்த்தோம், கோலம் போட்டோம். சாப்பாடு பெரியம்மா வீட்டில் என்று முடிவானது, ஏனென்றால் அவள் கை மணம் அப்படி. அதற்காக அன்று விடியும்போது நான் மூன்று நடைக்கு மேல் ஒரு நடை அதிகமாகப் போனேன். ஆறாவதை நினைத்துக்கொண்டு போனதால் குண்டான் கனக்கவே இல்லை.

ஜீப் வந்தது. பின்னாலேயே புழுதியும் ஊர்ப் பிள்ளைகள் நாங்களும் வந்தோம். ஓவர்சியர் மெலிந்த மனிதர். கண்ணாடி போட்டு, சட்டைக் காலருக்கு உள்ளே கைக்குட்டை மடித்து வைத்திருந்தார். நல்ல வெயில். இறங்கியதும் பெரியம்மா பித்தளைச் செம்பை நீட்டினாள். வெட்டிவேர் மணக்கிற தோப்புத் தண்ணீர். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.

"அமிர்தம் மாதிரி இருக்கேம்மா!"

பெரியம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தையைப் பெண் பார்க்க வந்த ஆளே திரும்பி வந்து மன்னிப்புக் கேட்ட மாதிரி பூரித்துப்போனாள்.

"இது உங்க ஊருத் தண்ணிதானே?"

பக்கத்து ஊர்க்காரர் தோப்பில் போய் எடுக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? வந்த பெரிய மனிதரிடம் முதல் பேச்சே அதுவா?

"பின்ன? எங்க வூட்டுத் தண்ணிதாங்க சார்" என்றாள்.

பிரசிடெண்ட்டும் தலையை ஆட்டினார். கிணற்றைக் காட்டினார்கள். ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். அடியில் வாளி தெரிந்தது. "என்னா தெளிவு" என்றார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார். பருப்பு வெண்ணெயாக மசிந்திருந்தது. பெரியம்மா நெய்யை ஊற்ற ஊற்ற அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் அவர் ஜீப்பிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துவரச் சொல்லி, பிரசிடெண்ட்டிடம் கொடுத்தார்.

"கெணத்துத் தண்ணிய இதுல ரொப்பிக் குடுங்க. திருச்சிக்கு அனுப்பிப் பரிசோதனை பண்ணணும்."

பிரசிடெண்ட் அதை அப்படியே பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நானும் அம்மாவும் அங்கேதான் இருந்தோம். அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"திருச்சி வரைக்கும் போவுது. அங்க எத்தனை பெரிய மனுசங்க பாப்பாங்களோ! அந்த உப்புத் தண்ணிய அனுப்பி ஊரு மானத்த வாங்கறதா?"

அம்மா பாட்டிலை வாங்கி, வெளிப்பக்கத்தைச் சாம்பல் போட்டுப் பளிச்சென்று துடைத்துக் கொடுத்தாள். பெரியம்மா நல்ல தண்ணீர்ப் பானையைத் திறந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கழுத்து வரைக்கும் ஊற்றி மூடினாள்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? காலையில் என் இடுப்பில் வந்த தண்ணீர் ஜீப்பில் ஏறித் திருச்சிக்குப் போகிறது. நானே போகாத ஊர் அது. ஜீப் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஓடிப்போய்க் கை காட்டினேன்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். வெளியே பிரசிடெண்ட் இருந்தார், ஊரே இருந்தது. ஒருவருக்காவது இது தப்பாயிற்றே என்று தோன்றவில்லை. பானையில் படிந்திருந்த வெள்ளை ஓட்டை ஓவர்சியரும் பார்க்கவில்லை. அவர் நெய்யைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது யோசித்தால், நாங்கள் அவரை ஏமாற்றவில்லை. வந்தவரிடம் நம்மிடம் இருக்கிற நல்லதை மட்டும்தான் காட்ட வேண்டும் என்று பழகியிருந்தோம். எங்களுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்தது. நான் ஐந்தாவது பாஸ். கொஞ்ச நாள் கழித்து பிரசிடெண்ட் யூனியன் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். டீக்கடையில் கூட்டம். அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார்.

"என்னாச்சுங்க?"

"நம்ம தண்ணியும் பாஸாயிடுச்சி" என்றார் பிரசிடெண்ட். "திருச்சியில பாத்துட்டு ரொம்ப நல்ல தண்ணின்னு எழுதி அனுப்பியிருக்காங்க. இந்தப் பக்கத்துலயே இது மாதிரி தண்ணி கெடையாதாம்."

யாரோ கையைத் தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அதனால பம்பு கெடையாது" என்றார் பிரசிடெண்ட்.

கைதட்டல் அப்படியே நின்றது. டீக்கடை மாமா மட்டும் காது மந்தம் என்பதால் இன்னும் கொஞ்சம் தட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி மோசமான ஊருக்குத்தான் போராம். ரூலு அப்புடி. நம்ம ஊருக்கு அப்புறம் பாக்கலாம்ங்கறாங்க."

அன்று வீட்டில் நடந்த சண்டையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏன்டி, நான் என்ன வெஷத்தையா ஊத்தி அனுப்புனேன்? நல்லதத்தான ஊத்தி அனுப்புனேன்!" என்றாள் பெரியம்மா.

"அதாங்க்கா வெனையே" என்றாள் அம்மா.

"அப்ப நீ ஏன் பாட்டில சாம்பல் போட்டுத் தேய்ச்ச?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அம்மா பரணிலிருந்து அவளுடைய சீர்க்குடத்தை இறக்கினாள். சின்னப் பித்தளைக் குடம், கழுத்தில் கொடி வேலைப்பாடு. புளி போட்டு விளக்கி, என் கையில் கொடுத்தாள். "இது உனக்கு" என்றாள். தங்கம் மாதிரி மின்னியது. அதைவிட அழகான ஒரு பொருள் எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. நான் அதை வாங்கி வைத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் அழுதேன். அலுமினியக் குண்டான் என்றால் பிள்ளை ஏதோ கைவேலையாகத் தூக்குகிறது என்று அர்த்தம். குடம் கொடுத்தால் அதுதான் இனி வேலை.

பிரசிடெண்ட் சும்மா இருக்கவில்லை. அவர் நடந்த நடையில் ஓவர்சியர் இன்னொரு முறை வர ஒப்புக்கொண்டார். வேறு ஊருக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் இறங்கிப் பார்ப்பாராம். பிள்ளையார் கோயில் வாசலில் ஊர் கூடியது. இந்த முறை உப்புத் தண்ணீரைத்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள். யார் வீட்டில் கொடுப்பது என்றதும் ஒருவரும் முன்வரவில்லை.

"என் கடையில வேணாம்ப்பா. நாளைக்கு எவன் டீ குடிக்க வருவான்?" என்றார் டீக்கடை மாமா.

"நான் பிரசிடெண்டு. என் வூட்டுல எப்புடிங்க அந்தத் தண்ணியக் குடுக்கறது?"

"எங்க வூட்டுல வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு" என்றார் இன்னொருவர். "நாளைக்கு நாலு பேரு வரணும் போவணும்."

கடைசியில் பெரியம்மா எழுந்தாள். "நான்தான கெடுத்தேன்? நானே குடுக்கறேன். செத்தா போயிடுவாரு?"

ஊர் நிம்மதியாகக் கலைந்தது.

அந்த நாளும் வந்தது. அன்றைக்கு வெள்ளையடிக்கவில்லை, கோலம் போடவில்லை. ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. ஓவர்சியர் இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன பிரசிடெண்டு, இவ்வளவு நல்ல தண்ணிய வச்சுக்கிட்டு ஏன் என்னைய அலைக்கழிக்கிறீங்க?" என்றார் சிரித்துக்கொண்டே. "எங்க அந்தம்மா? ஒரு செம்பு குடுக்கச் சொல்லுங்க, நாக்கு வறண்டுபோச்சி."

பெரியம்மா உள்ளே போனாள். நானும் அம்மாவும் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பானையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியம்மா செம்போடு உப்புத் தண்ணீர்ப் பானைக்குமுன் நின்றாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். வெளியே அந்த மனிதர் விசிறிக்கொண்டிருப்பதை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் கை, அதுபாட்டுக்கு நல்ல தண்ணீர்ப் பானையைத் திறந்து மொண்டது.

"அக்கா!" என்றாள் அம்மா.

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெயில்ல வந்து நிக்கறாருடி. என் கை வரமாட்டேங்குது."

அம்மா அந்தச் செம்பை வாங்கித் தானே குடித்துவிட்டாள். முழுவதையும். காலிச் செம்பை என்னிடம் நீட்டினாள்.

"நீ போய்க் குடு."

"நானா?"

"நீ சின்னப் புள்ள. ஒனக்கு ஒண்ணும் மானம் போவாது. ஆறாவது போவணுமா வேணாமா?"

வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள் நான். செம்பை உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டினேன். ஊரே நின்றது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். தண்ணீர் தளும்பிப் பாவாடையெல்லாம் நனைந்தது. ஓவர்சியர் செம்பை வாங்கி, அண்ணாந்து, போன தடவை குடித்த மாதிரியே வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

ஊற்றியவர் அப்படியே நின்றார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதானது. துப்பியிருக்கலாம், ஒருவரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பெண்பிள்ளை கொடுத்த தண்ணீரை வாசலில் துப்புவதா என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு கடக்கென்று விழுங்கினார். அந்த ஊரில் மரியாதைக்கு மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

"என்ன பாப்பா இது?"

எனக்கு வாய் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"இதுதாங்க சார் எங்க தண்ணி. அன்னிக்கு நீங்க குடிச்சது தோப்புத் தண்ணி. ஓடைக்கு அந்தாண்ட இருக்கு. நான்தான் தூக்கியாந்தேன்."

"அப்ப திருச்சிக்குப் போனது?"

"அதுவுந்தாங்க சார்."

"யாரு ஊத்துனது?"

பிரசிடெண்ட் வேப்பமரத்தைப் பார்த்தார். டீக்கடை மாமா வானத்தைப் பார்த்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான்தாங்க. திருச்சிக்குப் போவுதேன்னு..."

ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லன்னு டாக்டருகிட்ட போனா, பக்கத்து வூட்டுக்காரி கையக் காட்டியா நாடி பாக்கச் சொல்லுவீங்க?"

"டாக்டரு வூட்டுக்கு வந்தாலும் மொதல்ல நல்ல தண்ணிதாங்க குடுப்போம்" என்றாள் பெரியம்மா. ஊரே சிரித்தது.

அவர் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். இந்த முறை யாரையும் நம்பவில்லை. தானே கிணற்றடிக்குப் போய், தானே வாளியை விட்டு இழுத்து, ஒன்றை நிரப்பிக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது காலியாக இருந்த மற்றதை என்னிடம் கொடுத்தார். "நீ வச்சுக்க. இதுல எந்தத் தண்ணிய வேணா ஊத்திக்க, எனக்கு மட்டும் குடுக்காத" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ரோட்டுப்பக்கம் பிள்ளைகள் பையோடு போகும்போது நான் குடத்தோடு ஓடையில் ஏறினேன். பித்தளைக் குடம் வெயிலில் மின்னும். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த முறை தண்ணீர் மோசம் என்று திருச்சியிலிருந்து எழுதி வந்தது. பக்கத்து ஊர்களில் ஏற்கெனவே போர் வண்டி வேலை செய்துகொண்டிருந்ததால் நாங்கள் அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு காலையில் பெரிய லாரி ஊருக்குள் திணறித் திணறி வந்தது. அதன் முதுகில் ஒரு இரும்புக் கோபுரம் படுத்திருந்தது. அதை நிமிர்த்தியபோது பிள்ளையார் கோயிலைவிட உயரம். சத்தம் ஆரம்பித்ததும் கோழிகள் காணாமல் போயின. முதலில் வெள்ளைப் புழுதி பறந்தது, அப்புறம் வெள்ளைச் சேறு கொப்பளித்தது. அதில் நனைந்து நாங்கள் எல்லோரும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆனோம். அம்மாக்களுக்கு எந்தப் பிள்ளை தன் பிள்ளை என்று தெரியவில்லை.

ஆனால் பெரியவர்கள் முகத்தில் சிரிப்பில்லை. சேறு வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தது. கீழே இருப்பதும் அதே சுண்ணாம்புத் தண்ணீர்தான் என்றால்? அப்பா வேலைக்குப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரசிடெண்ட் போர் வண்டிக்காரரிடம் போய்ப் போய் நின்றார். அவரும் "கீழ போவட்டும், கீழ போவட்டும்" என்று கையைக் காட்டினார்.

பொழுது சாயும்போது சேறு கறுத்தது. அப்புறம் ஒரு பீறிடல், பனைமர உயரத்துக்குத் தண்ணீர். ஊர் ஓவென்று கத்தியது. அது கொஞ்சம் தெளிந்ததும் ஆளுக்கு ஒரு கையேந்தி வாயில் வைத்தார்கள்.

"இனிக்குதுப்பா!"

"எனக்கு உப்பு கரிக்கிற மாதிரிதான் இருக்கு."

"ஒன் நாக்கே உப்பு நாக்கு."

சண்டை வந்துவிடும்போல இருந்தது. அப்போது பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் சட்டி, இன்னொரு கையில் முறத்தில் துவரம்பருப்பு. அங்கேயே மூன்று கல்லைக் கூட்டினாள். புதுத் தண்ணீரைப் பிடித்தாள், அடுப்பு மூட்டினாள்.

"பருப்பு சொல்லட்டும்" என்றாள்.

வேறு எந்த ஊரிலாவது ஜனம் முழுவதும் ஒரு பருப்புச் சட்டியைச் சுற்றி நின்றதுண்டா? போர் வண்டிக்காரர்கள்கூட சாமானைக் கட்டுவதை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கொதி வந்தது. மஞ்சள் நுரை பொங்கியது. பெரியம்மா ஊதி அடக்கினாள், விறகைத் தள்ளினாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா கரண்டியில் நாலு பருப்பை எடுத்து, ஊதி, விரலால் நசுக்கினாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி விரலைக் காட்டினாள். மசிந்து ஒட்டியிருந்தது.

"வெந்துடுச்சி" என்றாள். அப்புறம் கத்தினாள். "பருப்பு வெந்துடுச்சிடீ! ஒரே கொதி! எங்க ஊரு மாதிரியே!"

"இதாண்டி ஒன் ஊரு" என்றார் பெரியப்பா.

அந்தப் பருப்பை உப்புகூடப் போடாமல் ஆளுக்கு ஒரு விரல் நக்கினோம். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த ருசி வரவில்லை.

பம்பு மாட்டி, மேடை கட்டி, சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது நான் பிள்ளையாரிடமிருந்து என் கல்சிப்பியைத் திரும்ப வாங்கிவந்து ஒரு மூலையில் அழுத்தினேன். ரொம்ப வருஷம் அது அங்கே இருந்தது. அடிபம்பை எடுத்துவிட்டுக் குழாய் போட்டபோது மேடையையும் உடைத்துவிட்டார்கள். இப்போது எங்கே கிடக்கிறதோ.

திறப்பு நாளில் ஓவர்சியர் வந்தார். பெரியம்மா செம்பை நீட்டினாள். அவர் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொதல்ல சொல்லுங்க. இது யாரு தண்ணி?"

"எங்க தண்ணிங்க சார்" என்றாள் பெரியம்மா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார்.

நான் ஆறாவதில் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கிப் பல நாள் ஆகியிருந்தது. எல்லோரும் ஜோடி சேர்ந்திருந்தார்கள். என்னைக் கடைசி வரிசையில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். அவள் பேசவில்லை. எனக்கோ பேசவே வராது. காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு தின்றபிறகு அவளுக்கு விக்கல் எடுத்தது. நான் பையைத் திறந்தேன். ஓவர்சியர் கொடுத்த கண்ணாடி பாட்டில் இருந்தது. விடிந்ததும் என் கையால் பம்பை அடித்துப் பிடித்தது. அம்மா வெளியே சாம்பல் போட்டுத் துடைத்திருந்தாள்.

மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினேன்.

"குடிச்சிப் பாரு" என்றேன். "எங்க தண்ணி."